சிறை புகுந்த இதழாசிரியர் - கார்ல் ஃபான் ஒசியட்ஸ்கி

மறைந்த பெரியோர் ஒருவரின் வாழ்வை ஆண்டு மலரில் நினைவுகூர்வது நம் இலக்கிய வட்டங்கள் போற்றிவரும் நல்ல மரபு. பெரும்பாலும் கவிஞர் ஒருவரையோ, நாவலாசிரியர் ஒருவரையோ அதற்கெனத் தேர்ந்துகொள்வோம். நம் வட்டம் பத்தாண்டு நிறைவு காணும் இவ்வேளையில் நான் எண்ணிப் பார்க்க விழைபவர் கவிஞரல்லர். பெருநூல் எதையும் படைத்தவருமல்லர். ஜெர்மனியில் ஒரு சிற்றிதழை ஐந்தாண்டுக் காலம் நடத்தியவர். அவ்விதழில் பிறர் எழுதிய கட்டுரை ஒன்றுக்காகத் தாம் சிறை சென்றவர். அரசு மறைக்க விரும்பிய ஒன்றை அச்சில் வெளியிட்டது துரோகமா, கடமையா என்னும் வினாவைத் தம் உடலாலும் உயிராலும் எதிர்கொண்டவர். கார்ல் ஃபான் ஒசியட்ஸ்கி என்பது அவர் பெயர். எழுத்தையே வாழ்வின் பெரும்பேறாகக் கருதும் நமக்கு அவர் அயலார் அல்லர்.

இளமை

ஒசியட்ஸ்கி 1889 ஆம் ஆண்டு அக்டோபர் 3 ஆம் நாள் ஹாம்பர்க் நகரில் பிறந்தார். பெயரின் நடுவே ஃபான் என்னும் பிரபுக்குல அடைமொழி இருந்தாலும் குடும்பம் எளிய குடும்பமே. தந்தையார் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் சுருக்கெழுத்தராகப் பணிபுரிந்தவர். குழந்தைக்கு இரண்டு வயதாகும்போதே அவர் காலமானார். தாயார் மறுமணம் செய்துகொண்ட குஸ்தாவ் வால்ட்டர் சமூக ஜனநாயகக் கட்சியைச் சார்ந்தவர். அரசியல் பேச்சு சிறுவனின் காதில் முதன்முதலில் விழுந்தது அவர் வழியாகத்தான்.

படிப்பில் அவர் சிறந்து விளங்கவில்லை. பள்ளித் தேர்வில் தேறாமல் போனார். 1907 ஆம் ஆண்டு ஹாம்பர்க் நீதித்துறையில் எழுத்தர் வேலையில் அமர்ந்தார். பின்னாளில் தம்மை மும்முறை குற்றவாளிக் கூண்டில் நிறுத்திய நீதித்துறையில்தான் இளமையில் கோப்புகளைப் படியெடுத்துக்கொண்டிருந்தார் என்பது நினைக்கத்தக்கது. பகலில் அலுவலகம், இரவில் நூல்கள் என்று தமக்குத் தாமே ஆசிரியராகி அறிவை வளர்த்துக்கொண்டார். 1911 முதல் சிறு ஏடுகளில் எழுதத் தொடங்கினார்.

1913 ஆம் ஆண்டு இராணுவ நீதிமன்றம் ஒன்று வழங்கிய கடுந்தண்டனையைக் கண்டித்து எழுதிய கட்டுரைக்காக அவருக்கு அபராதம் விதிக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே மாட் என்னும் ஆங்கிலப் பெண்மணியை மணந்தார். பெண்களின் வாக்குரிமைக்காகக் குரல்கொடுத்தவர் அவ்வம்மையார். மறு ஆண்டு உலகப் போர் மூண்டது. 1916 இல் ஒசியட்ஸ்கியும் படையில் சேர்க்கப்பட்டு மேற்குப் போர்முனைக்கு அனுப்பப்பட்டார். போரை வெறுத்தவராகச் சென்றவர், அவ்வெறுப்புக்கு ஆயிரம் காரணங்களைக் கண்ணால் கண்டு திரும்பினார்.

இதழும் ஆசிரியரும்

போர் முடிந்தபின் 1919 இல் பெர்லினுக்குக் குடியேறி, ஜெர்மானிய அமைதிக் கழகத்தின் செயலராகச் சிலகாலம் இருந்தார். இனிப் போர் வேண்டாம் என்னும் இயக்கத்தை வளர்த்தவர்களுள் அவரும் ஒருவர். கழகப் பணியைவிட எழுத்துப் பணியே தமக்கு இசைவது எனக் கண்டு நாளேடுகளுக்கும் வார ஏடுகளுக்கும் எழுதலானார். அரசியல் கட்சி ஒன்றைத் தோற்றுவிக்க முனைந்து 1924 தேர்தலில் தோல்வி கண்டபின் அத்துறையை விட்டு முற்றிலும் விலகினார்.

அக்காலத்தில் பெர்லினில் வெளிவந்த டீ வெல்ட்பியூனே என்னும் வார இதழை நம்மவர் அறிந்துகொள்ள வேண்டும். உலக அரங்கு என்பது அப்பெயரின் பொருள். சிவப்பு அட்டை தாங்கிய சிறிய இதழ். 1905 ஆம் ஆண்டு சீக்ஃபிரீட் யாக்கோப்சோன் அதை நாடகத் திறனாய்வுக்கான ஏடாகத் தொடங்கினார். காலப்போக்கில் அரசியலும் கலையும் இலக்கியமும் கலந்த ஏடாயிற்று. விற்பனை பதினையாயிரம் படிகள் அளவே. ஆயினும் ஆட்சியாளர்களும் படைத்தளபதிகளும் அதைப் புறக்கணிக்க இயலவில்லை. கவிஞரும் அங்கத எழுத்தாளருமான குர்ட் டுக்கோல்ஸ்கி அதன் முதன்மையான பேனா. 1926 டிசம்பரில் யாக்கோப்சோன் திடீரென மறையவே, டுக்கோல்ஸ்கி சிலகாலம் பொறுப்பேற்றார். பின்னர் 1927 இல் அப்பொறுப்பை ஒசியட்ஸ்கியிடம் ஒப்படைத்தார்.

இருவர் இயல்பும் வேறு வேறு. டுக்கோல்ஸ்கி வெடித்துச் சிரிக்கும் எழுத்துடையவர். ஒசியட்ஸ்கி கூச்சமுடையவர்; மெல்லப் பேசுபவர்; ஆனால் எழுதும்போது தளராதவர். வலதுசாரி இரகசியக் குழுக்கள் நடத்திய படுகொலைகளுக்கும் படைத்துறைக்கும் இருந்த தொடர்பை வெளிப்படுத்திய கட்டுரைக்காக 1927 இலேயே அவர்மீது வழக்கு நடந்து ஒரு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது அபராதமாகக் குறைந்தது. பெரும்புயல் அதற்குப் பின்னரே வந்தது.

ஒரு கட்டுரை

முதல் உலகப் போரின் முடிவில் 1919 இல் கையெழுத்தான வெர்சேல்ஸ் உடன்படிக்கை, ஜெர்மனி விமானப்படை வைத்துக்கொள்ளக் கூடாது எனத் தடைவிதித்தது. ஜெர்மனி அதற்கு ஒப்பி, அதைத் தன் சட்டமாகவும் ஏற்றுக்கொண்டது. ஆனால் படைத்துறையோ உள்நாட்டில் குடிமைப் பயன்பாட்டு விமான நிலையங்களின் போர்வையிலும், 1925 முதல் சோவியத் நாட்டின் லிப்பெட்ஸ்க் என்னும் ஊரிலும் போர் விமானிகளை மறைவாகப் பயிற்றுவித்துவந்தது. இதற்கான பணம் மக்கள் வரிப்பணத்திலிருந்து வேறு வேறு தலைப்புகளின்கீழ் செலவிடப்பட்டது.

1929 மார்ச் 12 ஆம் நாளிட்ட இதழில், ஹைன்ஸ் யேகர் என்னும் புனைபெயரில் ஒரு கட்டுரை வெளிவந்தது. எழுதியவர் வால்ட்டர் கிரைசர் என்னும் விமானத்துறை வல்லுநர். தலைப்பிலேயே ஒரு சிலேடை உண்டு. காற்று மிகுந்தது என்றும், நம்பத்தகாதது என்றும் இருபொருள் தரும் ஜெர்மானியச் சொல்லை வைத்து, நாட்டின் விமானத்துறையைப் பற்றிய கட்டுரைக்குப் பெயரிட்டிருந்தார். பெரும்பகுதி மானியங்களையும் நிர்வாகத்தையும் பற்றியது. இறுதிப் பகுதியில்தான் முள் இருந்தது. பெர்லினை அடுத்த யோஹானிஸ்தால், ஆட்லர்ஸ்ஹோஃப் விமானத் தளத்தில் எம் பிரிவு என்றொரு பிரிவு இயங்கியது. நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்ததும் அது பெயரை மாற்றிக்கொண்டது. லுஃப்ட்ஹன்சா நிறுவனத்தின் கடற்கரைப் பிரிவும் இத்தகையதே. அவற்றின் விமானங்கள் எல்லாமே எப்போதும் ஜெர்மனியில் இருப்பதில்லை என்றவாறு குறிப்பால் உணர்த்தி முடிந்தது அக்கட்டுரை. சோவியத் நாட்டின் பெயர்கூட அதில் இல்லை. செய்திகளுட் சில நாடாளுமன்றத்தின் நிதிநிலைக் குழு விவாதங்களில் முன்னரே இடம்பெற்றவை.

படைத்துறை கொதித்தெழுந்தது. இதழ் அலுவலகம் சோதனையிடப்பட்டது. ஆயினும் வழக்கு உடனே மன்றம் ஏறவில்லை. காரணம் வெளிப்படை. இரகசியத்தை வெளியிட்டார் என்று ஒருவரைத் தண்டிப்பதென்றால், அப்படி ஓர் இரகசியம் உண்டு என்று அரசே ஒப்புக்கொண்டாக வேண்டும். அயல்நாடுகளுக்கு என்ன விடை சொல்வது என்னும் தயக்கத்தில் துறைகளுக்கிடையே காலம் கழிந்தது. இரண்டாண்டுகளுக்குப் பின்னரே குற்றப்பத்திரிகை வந்தது.

மூடிய கதவுக்குள்

1931 நவம்பரில் லைப்சிக் நகரில் இருந்த நாட்டின் உச்சநீதிமன்றத்தில் விசாரணை தொடங்கியது. பொதுமக்களுக்கும் செய்தியாளருக்கும் அனுமதியில்லை. மாக்ஸ் ஆல்ஸ்பெர்க், அல்ஃபிரட் அப்ஃபல், குர்ட் ரோசன்ஃபெல்ட், ருடால்ஃப் ஓல்டன் ஆகிய வழக்கறிஞர்கள் வாதாடினர். அவர்கள் அழைக்க விரும்பிய சாட்சிகளை மன்றம் ஏற்கவில்லை. நவம்பர் 23 ஆம் நாள் தீர்ப்பு வந்தது. இராணுவ இரகசியங்களைக் காட்டிக்கொடுத்தல் பற்றிய 1914 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் கிரைசருக்கும் ஒசியட்ஸ்கிக்கும் ஆளுக்குப் பதினெட்டு மாதச் சிறைத்தண்டனை.

தீர்ப்பின் அடிப்படையை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். கட்டுரை பொய் என்று மன்றம் சொல்லவில்லை. அரசு சட்டத்தை மீறவில்லை என்றும் சொல்லவில்லை. குடிமகன் தன் நாட்டுக்கு விசுவாசமாக இருக்கக் கடமைப்பட்டவன். அரசு சட்டத்தை மீறுவதாக அவன் கண்டால், அதற்கென உள்ள அரசு அமைப்புகளிடம் முறையிடலாமேயன்றி ஊரறியச் சொல்லலாகாது என்பதே நீதிபதிகளின் கருத்து. மீறுகின்றவரிடமே சென்று மீறலைப் பற்றி முறையிடுக என்பதாக அமைந்தது அது.

எதிர்த்தரப்பின் நியாயத்தையும் மறைக்காமல் கூறுதல் கடமை. எந்த நாட்டுக்கும் மறைக்க வேண்டியவை சில உண்டு. எல்லைக் காவலின் ஏற்பாடுகளையும் போர்க்காலப் படைநகர்வையும் சந்தையில் கூவி விற்க வேண்டும் என்று யாரும் வாதிடார். வெர்சேல்ஸ் உடன்படிக்கை வென்றவர் தோற்றவர்மேல் சுமத்திய அநீதி என்று ஜெர்மானியர் பலர், குடியரசை நேசித்தவர்களும்கூட, நம்பினர். அத்தகைய உடன்படிக்கையை மறைவாக மீறுவது குற்றமன்று, நாட்டுப்பற்றே என்று அவர்களுக்குத் தோன்றியது. இதனை நாம் எளிதில் எள்ளிவிட இயலாது.

ஆனால் ஒசியட்ஸ்கி கண்டது வேறொன்று. நாடாளுமன்றம் அறியாமல் படை வளர்க்கப்பட்டால், நாளை அப்படை யாருடைய சொல்லைக் கேட்கும்? மக்களின் பணம் மக்களுக்குத் தெரியாமல் செலவாகுமானால், அக்குடியரசு யாருக்கு உரியது? பகைவனிடமிருந்து மறைப்பது ஒன்று. சொந்த மக்களிடமிருந்தும் அவர்தம் சட்டத்திடமிருந்தும் மறைப்பது வேறொன்று. முன்னது பாதுகாப்பு. பின்னது பாதுகாப்பின் பெயரைப் பூண்ட மீறல். இவ்வேறுபாட்டைத்தான் லைப்சிக் நீதிபதிகள் காண மறுத்தனர். இன்னொன்றும் மறக்கலாகாது. இவ்வழக்கைத் தொடுத்தது ஹிட்லரின் ஆட்சியன்று. கருத்துச் சுதந்திரத்தைத் தன் அரசியலமைப்பில் எழுதிவைத்திருந்த குடியரசே தொடுத்தது. கட்டுரை வெளிவந்தபோது நாட்டின் தலைமை அமைச்சர் சமூக ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த ஹெர்மன் முல்லர். தன்னைக் காக்கக் குரல்கொடுத்தவரின் வாயைத் தானே பொத்தியது அக்குடியரசு.

போகாமல் இருந்தவர்

தண்டனை பெற்ற இருவரில் கிரைசர் பிரான்சு நாட்டுக்குப் போய்விட்டார். ஒசியட்ஸ்கியையும் அயல்நாடு செல்லுமாறு நண்பர்கள் வற்புறுத்தினர். தாமஸ் மன், ஐன்ஸ்டைன் முதலியோர் கையெழுத்திட்ட கருணை விண்ணப்பம் பயனற்றுப் போயிற்று. ஆயினும் அவர் போகவில்லை. எல்லையைக் கடந்து சென்றவன் அங்கிருந்து பேசும் குரல் விரைவில் உள்ளீடற்றுப் போகும் என்றும், வெளியே இருக்கும் தம்மைவிடச் சிறையில் இருக்கும் தாமே ஆட்சியாளருக்கு மிகுந்த இடைஞ்சல் தருபவர் என்றும் கருதி அதனை எழுதியும் வைத்தார்.

கட்டுரை எழுதியவர் அவரல்லர் என்பதை இங்கு மீண்டும் நினைக்க வேண்டும். புனைபெயருக்குப் பின்னிருந்தவர் அகன்றுவிட்டார். அச்சிட்டவர் நின்றார். இதழாசிரியர் என்னும் சொல்லுக்குப் பொறுப்பாசிரியர் என்று பொருள்கொண்டு, அப்பொறுப்பைத் தம் உடலால் தீர்த்தவர் அவர்.

1932 மே 10 ஆம் நாள், எர்ன்ஸ்ட் டோலர் முதலிய எழுத்தாளர்களும் வழக்கறிஞர்களும் நண்பர்களும் உடன்வர, பெர்லினின் டேகல் சிறைவாயில்வரை சென்று உள்ளே நுழைந்தார். சிறையில் இருக்கும்போதே மற்றொரு வழக்கு வந்தது. டுக்கோல்ஸ்கி 1931 இல் எழுதிய ஒரு கட்டுரையில் போர்வீரர்களைக் கொலைஞர் என்று குறித்திருந்தார். அவர் சுவீடனில் இருந்தமையால் ஆசிரியர் என்னும் முறையில் ஒசியட்ஸ்கியே கூண்டில் நின்றார். 1932 ஜூலையில் அவ்வழக்கில் விடுதலை பெற்றார். 227 நாள் சிறைவாசத்துக்குப் பின் டிசம்பர் 22 ஆம் நாள் பொதுமன்னிப்பில் வெளிவந்தார்.

அவரும் பிழை செய்யாதவரல்லர். ஹிட்லரின் வலிமையை அவர் தொடக்கத்தில் குறைத்தே மதிப்பிட்டார். குடியரசின் குறைகளை இடைவிடாது இடித்துரைத்த அவ்விதழ், அதன் வீழ்ச்சிக்குத் தானும் ஒருவகையில் துணைபோயிற்று என்று பின்னாளில் வரலாற்றாசிரியர் சிலர் குறைகூறினர். குறை கூறுவது வீழ்த்துவதாகாது என்பதே என் கருத்து. ஆனாலும் அக்கேள்வி இருக்கிறது. அதை மறைத்து அவருக்குப் புகழ்மாலை சூட்டுதல் அவருக்கே ஒவ்வாதது.

562 ஆம் எண்

1933 ஜனவரி 30 இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். பிப்ரவரி 27 இரவு நாடாளுமன்றக் கட்டடம் தீப்பற்றி எரிந்தது. மறுநாள் அதிகாலையில் ஒசியட்ஸ்கி கைதுசெய்யப்பட்டார். மார்ச் 7 ஆம் நாளிட்ட இதழோடு வெல்ட்பியூனே நின்றது. மே 10 ஆம் நாள், அவர் டேகல் சிறை புகுந்து சரியாக ஓராண்டு நிறைந்த அன்று, பெர்லினில் நூல்கள் எரிக்கப்பட்டபோது டுக்கோல்ஸ்கி, ஒசியட்ஸ்கி ஆகிய இருவர் பெயரையும் சொல்லி அவர்தம் எழுத்துகளைத் தீயிலிட்டனர்.

ஸ்பாண்டவ் சிறை, சோனன்பூர்க் முகாம், பின்னர் 1934 முதல் எஸ்டர்வேகன் முகாம் என அவர் கொண்டுசெல்லப்பட்டார். சதுப்பு நிலத்தைத் தோண்டி வடிகால் அமைக்கும் கொடும் உழைப்பு. அடியும் உதையும் அன்றாடம். 562 என்னும் எண்ணைச் சட்டையில் தைத்துக்கொண்டு காவலன்முன் அவர் நிற்கும் புகைப்படம் உலகெங்கும் அறியப்பட்டது. 1935 இல் செஞ்சிலுவைச் சங்கத்தின் சார்பில் முகாமைப் பார்வையிட்ட கார்ல் பர்க்ஹார்ட், நடுநடுங்கும் உடலும் வீங்கிய கண்ணும் உடைபட்ட பற்களும் இழுத்து நடக்கும் காலுமாக ஒரு மனிதரைக் கண்டதாகப் பதிவுசெய்துள்ளார்.

அயல்நாடுகளில் சிதறிய நண்பர்கள் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசைப் பெற்றுத்தர முயன்றனர். நார்வேயில் ஏதிலியாக இருந்த இளைஞர் வில்லி பிராண்ட் அம்முயற்சியில் பெரும்பங்கு கொண்டார். எழுத்துலகம் ஒரே அணியில் நிற்கவில்லை. க.நா.சு.வின் தமிழாக்கமான நிலவளம் வாயிலாக நாம் அறிந்து போற்றும் நட் ஹாம்சன், முகாமில் வாடிய அம்மனிதரை ஏளனம் செய்து நாளிதழில் எழுதினார். நார்வே எழுத்தாளர் பலர் ஹாம்சனைக் கண்டித்து எழுந்தனர். பெரும்படைப்பாளி ஒருவர் நீதியின் பக்கம் நிற்கத் தவறுவதும் உண்டு என்பதை இலக்கிய அன்பர் நாம் வருத்தத்துடன் ஏற்க வேண்டியுள்ளது.

ஒத்திவைக்கப்பட்டிருந்த 1935 ஆம் ஆண்டுக்கான பரிசு, 1936 நவம்பர் 23 ஆம் நாள் அவருக்கு அறிவிக்கப்பட்டது. லைப்சிக் தீர்ப்பு வந்து அன்றோடு சரியாக ஐந்தாண்டு. உலகின் கண் பட்டதால் முகாமிலிருந்து பெர்லின் மருத்துவமனைக்கு அவர் முன்னரே மாற்றப்பட்டிருந்தார். பரிசை மறுத்துவிடுமாறு கோரிங் வற்புறுத்தினார். காசநோயால் உருக்குலைந்திருந்த அவர் ஏற்பதாகவே விடையளித்தார். ஆஸ்லோ செல்ல அவருக்கு அனுமதி கிட்டவில்லை. இனி ஜெர்மானியர் எவரும் நோபல் பரிசு பெறலாகாது என 1937 ஜனவரியில் ஹிட்லர் ஆணையிட்டார். பரிசுத்தொகையின் பெரும்பகுதியை, அதைப் பாதுகாக்க நியமிக்கப்பட்ட வழக்கறிஞரே கையாடினார். 1938 மே 4 ஆம் நாள், காவலர் கண்காணிப்பின்கீழ், 48 ஆம் வயதில் ஒசியட்ஸ்கி பெர்லினில் உயிர்நீத்தார். அவர் கட்டுரை மறைமுகமாகச் சுட்டிய விமானப்படை அதற்குமுன் 1937 ஏப்ரலில் ஸ்பெயின் நாட்டின் கெர்னிக்கா நகரைக் குண்டுவீசி அழித்திருந்தது.

தீர்ப்பும் சட்டமும்

போருக்குப் பின் மேற்கு ஜெர்மனியில் அதே வினா மீண்டும் எழுந்தது. 1962 இல் படைத்துறையின் ஆயத்தமின்மையை எழுதியமைக்காக டெர் ஷ்பீகல் இதழின் ஆசிரியர் ருடால்ஃப் ஆவுக்ஸ்டைன் 103 நாள் சிறையில் வைக்கப்பட்டார். இம்முறை மக்கள் தெருவில் இறங்கினர். பாதுகாப்பு அமைச்சர் பதவி இழந்தார். 1968 இல் குற்றவியல் சட்டம் திருத்தப்பட்டது. அடிப்படை ஜனநாயக ஒழுங்கை மீறும் செயல்களும், உடன்படிக்கை நாடுகளுக்கு மறைத்து ஆயுதக் கட்டுப்பாட்டை மீறும் செயல்களும் அரசு இரகசியங்கள் ஆகா என அச்சட்டம் கூறியது. லைப்சிக்கில் ஒசியட்ஸ்கியின் வழக்கறிஞர்கள் நாடிய நீதி, சட்ட நூலில் ஏறப் பின்னும் முப்பத்தேழு ஆண்டு ஆயிற்று.

சட்டம் மாறியது, தீர்ப்பு மாறவில்லை. ஒசியட்ஸ்கியின் ஒரே மகள் ரோசலிண்ட், தந்தையின் வழக்கை மறுவிசாரணை செய்யுமாறு நீதிமன்றத்தை அணுகினார். பெர்லின் மன்றம் 1991 இல் மறுத்தது. 1992 டிசம்பரில் ஜெர்மனியின் கூட்டாட்சி உச்சநீதிமன்றமும் அம்மறுப்பை உறுதிசெய்தது. புதிதாக முன்வைக்கப்பட்ட வல்லுநர் கருத்துகள் மறுவிசாரணைக்குப் போதிய சான்றாகா என்றும், செயல் சட்டவிரோதமானது என்பதால் அது இரகசியம் அன்று என அக்காலச் சட்டநெறி கொள்ளவில்லை என்றும் மன்றம் கண்டது. மகளார் 2000 ஆம் ஆண்டில் மறைந்தார். ஓல்டன்பூர்க் பல்கலைக்கழகம் நெடிய போராட்டத்துக்குப் பின் 1991 இல் ஒசியட்ஸ்கியின் பெயரைத் தாங்கியது. தெருக்களுக்கும் பள்ளிகளுக்கும் அவர் பெயர் உண்டு. ஆயினும் நீதிமன்ற ஏட்டில் அவர் இன்றளவும் இரகசியத்தைக் காட்டிக்கொடுத்த குற்றவாளியே.

ஒசியட்ஸ்கி பிறந்த 1889 ஆம் ஆண்டில்தான் பிரிட்டனும், அதன் ஆட்சியிலிருந்த நம் நாடும் அலுவல்சார் இரகசியச் சட்டத்தை முதன்முதலாகப் பெற்றன என்பதையும் இங்கு எண்ணிக்கொள்கிறேன். மறைப்பதற்கு உரியது எது, மறைக்கலாகாதது எது என்பதை மறைப்பவரே முடிவுசெய்யும் இடத்தில், அச்சிடுபவர் ஒருவர் தம்மைப் பணயம் வைக்க வேண்டியதாகிறது. சிற்றிதழ் நடத்தியவர்களும் அதில் எழுதியவர்களும் நம் வட்டத்தில் பலர் உள்ளோம். இதழின் கடைசிப் பக்கத்தில் ஆசிரியர் என்று நம் பெயரைச் சிறிய எழுத்தில் அச்சிடுகிறோம். அவ்வரிக்கு என்ன விலை இருக்கக்கூடும் என்பதை ஒசியட்ஸ்கியின் வாழ்வு நமக்குச் சொல்கிறது.